தேக்கு மாமா

செருப்பைக் கழற்றியதும் தட்டுவார். தண்ணீர்ச் செம்பை வாங்குவதற்கு முன்பே தட்டுவார். நடுவிரலை மடக்கி, முட்டியை முன்னுக்கு நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அரைக்கண் மூடி, புது டைனிங் டேபிளின் மேல் இரண்டு தட்டு, அடியில் கைவிட்டு ஒரு தட்டு. கட்டிலின் தலைமாட்டில் மூன்று. வார்ட்ரோபுக்கு நாலு, அதன்மேல் அவருக்குச் சந்தேகம் கூடுதல். டி.வி. யூனிட்டைத் தட்டக்கூட மாட்டார், பார்த்தே உதட்டைப் பிதுக்கிவிடுவார். பிறகு ஒரு மௌனம், அதன்பின் தீர்ப்பு: "அட்டை, மாப்ள." அடுத்த வாக்கியமும் எல்லா மாமாவுக்கும் பொது: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம ஆசாரிகிட்டச் சொல்லித் தேக்குலயே செஞ்சு லாரியில ஏத்தி விட்டிருப்பேன்ல?" நாவலூரிலோ சரவணம்பட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ அபார்ட்மென்ட் வாங்கிக் குடிபோன கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். கூடலூர் மாமாவுக்கும் சின்னமனூர் மாமாவுக்கும் தட்டுகிற வேகத்தில்தான் வித்தியாசம்.

இந்தத் தட்டல் எதைக் கண்டுபிடிக்கிறது என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். தேங்காயைத் தட்டினால் பலன் உண்டு. ஓட்டுக்குள் தண்ணீர் நிற்கிறதா, வற்றிவிட்டதா என்பதைச் சத்தம் சொல்லிவிடும். பலகையில் அந்த வசதி இல்லை. அதில் எழும் சத்தம் பலகை எவ்வளவு தடிமன், எங்கெங்கே தாங்கல் கொடுத்திருக்கிறது, பின்னால் வெற்றிடம் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. அரை அங்குலத் தேக்குப் பலகையை நடுவில் தாங்கல் இல்லாமல் பொருத்தினால் அதுவும் அட்டைச் சத்தம்தான் போடும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டால் 'டொக்' என்று கெட்டியாகப் பதில் சொல்லும். உள்ளே கூடாக இருக்கும் கதவைக் கண்டுபிடிக்க முட்டி உதவும், அதற்கு மேல் அதற்குப் படிப்பு இல்லை. தட்டிச் சந்தேகம் தீராதபோது மாமா இன்னொரு சோதனை வைத்திருக்கிறார்: ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லையே" என்பார். நல்ல தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. மரச் சில்லுகளை நாராக்கிப் பசை போட்டு அழுத்திய எம்.டி.எஃப். 700 கிலோவுக்கு மேல். கனத்துக்கு மார்க் போட்டால் தேக்கு தோற்றுவிடும். மாமா வெறுக்கிற பலகையே பரிசை வாங்கிக்கொண்டு போகும்.

அவருக்கு மரம் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. நிற்கிற மரத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் அந்த அபார்ட்மென்ட்டின் இருநூறு வீட்டிலும் கிடையாது. தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் கசக்கிச் சிவப்புச் சாயத்தைக் காட்டுவார். வேங்கையின் பட்டையைக் கீறினால் சிவப்பாகப் பிசின் வடியும் என்பார். ஏலத்தோட்டத்தில் சில்வர் ஓக் எதற்கு நிற்கிறது, பலாவில் எது கதவுக்கு ஆகும், எந்த வாகையை வெட்டினால் உளுத்துப்போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குமுளி மலை ஏறும் பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு தாவரவியல் வகுப்பு இலவசம். சிக்கல் எங்கே என்றால், அறுத்து, இழைத்து, சாயம் ஏற்றி, பாலிஷ் போட்ட மரத்தில் இலையும் இல்லை, பட்டையும் இல்லை. கடைக்காரர் அங்கேதான் வேலையைக் காட்டுகிறார். தேக்கைக் காகிதத்துக்கும் கொஞ்சம் கூடுதலான தடிமனில் சீவி பிளைவுட்டின் மேல் ஒட்டிவிட்டால் ரேகை, நிறம் எல்லாம் அசல் தேக்குதான். மாமாவின் முட்டி படுகிற இடமும் அசல் தேக்குதான். இதைக் கண்டுபிடிக்க விரல் வேண்டாம், குனிய வேண்டும். டிராயரை முழுதாக வெளியே இழுத்து, முன்பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். முழு மரமென்றால் மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் மடங்கி, பலகையின் வெட்டுமுனையில் வளையத் துண்டாகத் தொடரும். ஒட்டுப்பலகை என்றால் ரேகை விளிம்போடு நின்றுவிடும், அங்கே ஒரு பட்டை ஒட்டியிருக்கும். கட்டிலின் அடிப்பக்கம், பீரோவின் முதுகு என்று பாலிஷ் போடாமல் விட்ட இடம் எல்லாக் கடையிலும் உண்டு. மாமா குனிய மாட்டார், முட்டி வலி. கால்முட்டி.

அடுத்தது மாமா பெருமையாகச் சொல்லும் "நம்ம பக்கத்துத் தேக்கு". எந்தப் பக்கம்? மேகமலைப் பக்கம் என்றால் அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே வெட்டிக் கொண்டுவந்த மரம் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கட்டில் வாங்கக்கூடாது, வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பர்மா தேக்கு என்றால் மியான்மர் 2014 ஏப்ரலோடு உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. நிலம்பூர் என்றால், 1840-களில் மலபார் கலெக்டர் கானலி போட்ட தேக்குத் தோட்டத்தின் பெயரை இன்று தென்மாவட்டத்து மரவாடியில் பாதிக் கட்டைகள் சுமக்கின்றன. நிலம்பூர் அத்தனை மரத்தைப் பெற்றிருந்தால் அங்கே நிற்க இடம் இருந்திருக்காது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, செங்கோட்டைப் பக்கத்து மில்களில் அறுபடும் மரத்தில் ஆப்பிரிக்காவின் தேக்கும் தென்னமெரிக்காவின் தேக்கும் தாராளமாக உண்டு. அது மட்டமான மரம் என்று சொல்லவில்லை. கானாவில் வளர்ந்தாலும் தேக்கு தேக்குதான். ஆனால் அதைத் தேனி நேரு சிலைக்குப் பக்கத்தில் வாங்கினாலும், சென்னையில் வாங்கினாலும் ஒரே கப்பலில் வந்த மரம்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாமா தெருவுக்கே சொன்னார்: இனி எவனும் எங்கேயோ விளைந்ததைக் கம்பம் என்று விற்க முடியாது. சரியான பேச்சு. திராட்சைக்கு இருக்கிற நியாயத்தை அவர் தேக்குக்கும் கொடுத்தால் போதும். தேக்கு என்று சொன்னாலே தமிழனின் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். 1990-களில் தேக்குக் கன்றைக் காட்டி ஆயிரக்கணக்கானவர்களிடம் முதலீடு திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்தபோது, அந்தக் கூட்டத்தில் மரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

"எங்க தாத்தா கட்டில் அறுபது வருசமா அசையாம நிக்குது, அதுக்கு என்ன சொல்ற?" இது மாமாவின் கடைசி அஸ்திரம். மறுக்க முடியாது, கட்டில் நிற்கிறது. ஆனால் அந்தத் தாத்தா காலத்தில் செய்த கட்டில் எல்லாம் நிற்கிறதா? உளுத்தது, கால் ஒடிந்தது, கரையான் தின்றது அத்தனையும் எப்போதோ வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டன. தேறியது மட்டும் சாட்சி சொல்ல மிச்சம் இருக்கிறது. அதுவும் வயதேறி வைரம் பாய்ந்த மரத்தில் செய்தது. இன்று இருபது, இருபத்தைந்து வருஷத்தில் வெட்டுகிற தோட்டத் தேக்கில் நடுவே வைரம் கொஞ்சம், சுற்றிலும் வெள்ளை அதிகம். வண்டு துளைப்பது அந்த வெள்ளையைத்தான். ஆசாரி அதைக் கழித்தால் கன அடிக் கணக்கு ஏறும், கழிக்காவிட்டால் பாலிஷில் மறையும். எதைச் செய்தார் என்பது மூன்றாவது வருஷம் கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டும்போது தெரியும். அப்போது மாமா என்ன சொல்வார்? "சென்னைத் தண்ணி அப்படி" என்பார்.

அவர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு பற்றி அவர் சொல்வது உண்மை. தரையில் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற நம் வீட்டில் அதன் அடிவிளிம்பு இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது இவ்வகைப் பலகைகள் கரைந்த பிஸ்கட்டாகப் போனதைப் பார்த்தவர்கள் பலர். ஒருமுறை கழற்றி மாட்டினால் திருகு பிடிப்பதும் தளர்ந்துவிடும்; வீடு மாற்றுகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. ஆனால் பார்ட்டிகிள் போர்டுக்கும் தேக்குக்கும் நடுவில் ஒரு பெரிய உலகம் இருக்கிறது. பால் வற்றியதும் விறகுக்கும் பெட்டி அடிக்கவும் போய்க்கொண்டிருந்த ரப்பர் மரத்தை இப்போது மருந்தூட்டி, சூளையில் உலர்த்தி, நல்ல டைனிங் டேபிளாக்குகிறார்கள். பிளைவுட்டில் பொதுப் பயனுக்கு ஐ.எஸ். 303, தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 என்று பலகை மேலேயே முத்திரை இருக்கிறது. கோத்ரெஜ் 1923 முதல் இரும்பு பீரோ செய்கிறது. மாமா வீட்டுப் பத்திரமெல்லாம் அப்படிப்பட்ட பீரோவில்தான் இருக்கிறது, அதை மட்டும் அவர் தட்டியதே இல்லை. இவை அனைத்தையும் அட்டை என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் அவர் தவறுகிறார்.

சரி, மாமா பிடிவாதமாக வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்தில் கட்டில் தயாராகி, கோயம்பேடு போகிற லாரியில் ஏறி, 500 கிலோமீட்டர் தாண்டி நாவலூர் வாசலில் விடியற்காலை இறங்குகிறது. இனிதான் கதை. லிப்டுக்குள் ஒரு தகடு: 6 பேர், 408 கிலோ. எடை ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே பலகையாகச் செதுக்கிய, நடுவில் இரண்டு மயில் வைத்த ஆறடித் தலைமாடு உள்ளே நுழையாது. சாய்த்தாலும் நுழையாது. மாமா போனில், "கொஞ்சம் படுக்கப் போட்டு உள்ள தள்ளு மாப்ள" என்பார். ஒன்பதாவது மாடிக்குப் படியில் ஏற்ற ஆள்கூலி தனி. திருப்பத்துக்குத் திருப்பம் மயிலின் கொண்டை சுவரில் இடித்து, அசோசியேஷன் செக்ரட்டரி போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெயிண்டுக்குப் பணம் கேட்பார். மேலே கொண்டுபோய் மாட்டினால் கட்டில் ஆறரைக்கு ஐந்தரை. அதாவது 78 அங்குலத்துக்கு 66. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மெத்தையின் அகலம் 60 அங்குலம் அல்லது 72. ஆறங்குல இடைவெளியில் பழைய போர்வையைச் சுருட்டி அடைக்க வேண்டும். அப்படியும் செல்போன் உள்ளே விழும். பத்துக்குப் பதினொன்று அடி அறையில் கட்டிலைப் போட்ட பிறகு வார்ட்ரோப் கதவு பாதிதான் திறக்கும். மரம் சரியாகக் காயாமல் வந்திருந்தால் ஐப்பசி மழையில் டிராயர் இறுகும், சித்திரையில் இணைப்பு விரியும். இத்தனைக்கும் நடுவில் அது அசல் தேக்காகவே இருக்கலாம். தேக்கா இல்லையா என்பது வாங்குகிறவர் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளில் ஒன்று. மாமா அந்த ஒன்றை மட்டும் பத்து முறை கேட்கிறார்.

கல்யாண மண்டபத்தில் நடக்கும் தட்டல் ஒன்று உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. மணமேடைக்குப் பக்கத்தில் சீர் வரிசையாகக் கட்டில், மெத்தை, பீரோ, டிரஸ்ஸிங் டேபிள். மாமா அங்கேயும் போய் மூன்று தட்டுத் தட்டுவார். தீர்ப்பை உரக்கச் சொல்ல மாட்டார், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து இலேசாக ஒரு சிரிப்பு. கடன் வாங்கி அதை வாங்கிய பெண்ணின் அப்பா நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். அந்த மேடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. புது அபார்ட்மென்ட்டிலும் இதேதான். இருபது வருஷ இ.எம்.ஐ.-யைத் தலையில் சுமந்து, இரண்டு சம்பளத்தையும் கூட்டிக் கழித்து, மூன்று மாதம் விலை விசாரித்து அந்த வீட்டுப் பெண் வாங்கிய மேஜையை, ஒரு ரூபாய் போடாத ஒருவர், அவளுடைய அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும்போது அட்டை என்று சொல்வது மர அறிவில் சேர்த்தி இல்லை. அது மரியாதைக் குறைவு. மாப்பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டு "ஆமா மாமா" என்று தலையாட்டுவது அதைவிடக் குறைவு.

கோபம் இருக்கட்டும், அவர் வாதத்தில் ஒரு இடம் அசைக்க முடியாதது. "நம்ம ஆசாரின்னா நாளைக்கு ஒண்ணுன்னா வந்து நிப்பான்" என்கிறாரே, அது. பெங்களூரில் 2012-ல் தொடங்கிய அர்பன் லேடரை 2020-ல் ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. ஆன்லைன் கம்பெனிகள் கைமாறும், ஆசாரி கைமாற மாட்டார். கீல் தளர்ந்தால் டிக்கெட் நம்பர் தருகிற கடையைவிட உளியோடு வருகிற ஆள் மேல். ஆனால் இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால் அது கம்பத்து ஆசாரிக்கு எதிராகத்தான் முடியும், ஏனென்றால் ஒரு கீலுக்காக அவர் 500 கிலோமீட்டர் வர மாட்டார். குடியிருக்கிற ஊரில், வந்து நிற்கக்கூடிய ஆளைத் தேட வேண்டும். சென்னை அபார்ட்மென்ட்டுகளில் வார்ட்ரோப் வேலை பார்ப்பவர்களில் ராஜஸ்தான் தச்சர்கள் ஏராளம்; அடுத்த பிளாக்கிலேயே அடுத்த வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். மாமா கைஜாடையிலேயே அவர்களோடு ரேகையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார் என்பது வேறு விஷயம்.

அவரால் கைவிட முடியாத இன்னொரு பழக்கம் பில் வாங்காதது. "பில் போட்டா 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி. கூட வரும், நமக்கு எதுக்கு மாப்ள, வாய்வார்த்தைதான்" என்பார். எந்தக் கடையில் வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெங்களூர் நாகசந்திராவில் 2022-ல் திறந்த ஐகியாவின் சீட்டில் பார்ட்டிகிள் போர்டு என்றால் பார்ட்டிகிள் போர்டு என்றே போட்டிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பலவற்றில் 'தேக்கு ஃபினிஷ்' என்று போட்டிருக்கிறது. அது மரத்தின் பெயர் இல்லை, சாயத்தின் பெயர். அட்டையை அட்டை என்று எழுதிக் கொடுக்கிறவன், அட்டைக்குத் தேக்குச் சாயம் பூசுகிறவனைவிட யோக்கியன். ஆகவே பெரிய ஷோரூமோ, ஆன்லைனோ, மரவாடிக்குப் பக்கத்துப் பட்டறையோ, எதுவானாலும் சரி: சட்டம் என்ன மரம், பலகை என்ன பலகை, பிளைவுட் என்றால் எந்த ஐ.எஸ். எண், உத்தரவாதம் எத்தனை வருஷம், பழுதானால் வீட்டுக்கு வருவது யார் என்பதைப் பில்லில் எழுதித் தருகிற இடத்தில் வாங்கலாம். வாயால் தேக்கு என்று சத்தியம் செய்து, பில்லில் 'கட்டில் - 1' என்று மட்டும் எழுதுகிற இடத்தில் வாங்க வேண்டாம். கட்டிலும் சாப்பாட்டு மேஜையும் முழு மரத்தில், போல்ட் கழற்றி லிப்டில் ஏற்றும்படி வாங்கலாம். வார்ட்ரோபுக்கு முழு மரம் வீண் செலவு, நல்ல பிளைவுட் போதும். சமையலறையில் பார்ட்டிகிள் போர்டை அண்டவிடாதீர்கள். சோபாவைப் பற்றி மாமாவுக்குக் கருத்து கிடையாது, துணியைத் தட்டினால் சத்தம் வராது.

மாமாவுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை வரும்போது விரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒரு இன்ச் டேப் எடுத்து வாருங்கள். லிப்டின் உள்ளளவு, படிக்கட்டின் திருப்பம், படுக்கையறைக் கதவின் அகலம், மெத்தையின் நீள அகலம் நாலையும் ஒரு தாளில் குறித்து, அதன் பிறகு ஆசாரிக்குப் போன் போடுங்கள். அவர் விலை சொன்னதும் பில் கேளுங்கள். மரத்தின் பெயரை அதில் எழுதச் சொல்லுங்கள்.